டஞ்சன் ஆஃப் பிளாக் கம்பெனி: வேறு உலகம் போயும் ஓவர்டைம்தான் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த அனிமேவை (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) பார்க்கச் சொல்லி நண்பர்களை நான் நச்சரித்த அளவுக்கு வேறு எதற்கும் நச்சரித்ததில்லை. பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். எறும்பு பற்றிய கேள்வி மட்டும் கதையைப் போட்டு உடைக்கும். வேண்டாதவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சுருக்கமாகக் கதை என்ன?

நினோமியா கின்ஜி என்று ஓர் இளைஞன். மற்றவர்கள் கல்லூரியில் ஊர் சுற்றும் வயதில் இவன் ராப்பகலாக உழைத்து, காசு சேர்த்து, டோக்கியோவில் அடுக்குமாடிக் கட்டடங்களை வாங்கிப் போட்டுவிடுகிறான். இனி மாதம் பிறந்தால் வாடகை வரும். காலாட்டிக்கொண்டு சாப்பிடலாம். வாழ்நாள் முழுக்கச் சும்மா இருப்பதுதான் அவன் லட்சியம், அதற்காகத்தான் அவ்வளவு உழைப்பும்.

கொண்டாடும் நேரம் பார்த்து வேறோர் உலகத்துக்குள் இழுக்கப்படுகிறான். அங்கே வாளும் இல்லை, மந்திர சக்தியும் இல்லை. தலைக்கு மேல் கடன், கையில் கடப்பாரை. ரைசாஹா என்ற சுரங்கக் கம்பெனியில் கடைநிலைக் கூலி. டஞ்சன் எனப்படும் பாதாளக் குகைக்குள் இறங்கித் தாது வெட்ட வேண்டும். அங்கிருந்து எப்படியாவது பழைய சொகுசுக்குத் திரும்ப அவன் போடும் திட்டங்களும், அவை ஒவ்வொன்றாகக் கவிழும் விதமும்தான் கதை.

‘பிளாக் கம்பெனி’ என்றால் என்ன? கறுப்புப் பணம் புழங்கும் கம்பெனியா?

நம் காதில் அப்படித்தான் விழும். ஜப்பானில் ‘புராக்கு கிக்யோ’ என்பது வேறு. பணியாளரைப் பிழிந்து எடுக்கும் கம்பெனிக்கு அங்கே அதுதான் பெயர். கணக்கில் வராத ஓவர்டைம், திட்டு, மிரட்டல், வேலையை விடவும் விடாத பிடி. இதெல்லாம் சேர்ந்தால் பிளாக். நல்ல கம்பெனிக்கு ‘ஒயிட்’ என்று எதிர்ச்சொல்லும் இருக்கிறது.

2000களின் தொடக்கத்தில் ஐ.டி. துறையில் மாட்டிக்கொண்டு தவித்தவர்கள் இணையத்தில் புலம்பப் பயன்படுத்திய சொல் இது. மெல்ல மெல்ல வீட்டுப் பேச்சுக்குள் வந்தது. 2013இல் அந்த ஆண்டின் புதுச்சொற்களுக்கான விருதுப் பட்டியலில் முதல் பத்துக்குள் இடம் பிடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தொழிலாளர் நல அமைச்சகம், புகார் வந்த, சந்தேகத்துக்கு இடமான 5,111 பணியிடங்களில் புகுந்து சோதனை போட்டது. 82 சதவீத இடங்களில் ஏதோ ஒரு சட்டமீறல் அகப்பட்டது. அந்த ஜப்பானிலிருந்து வந்த கதை இது. அனிமேவுக்கு மூலமான மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) தொடங்கியது 2016 டிசம்பரில்.

இந்தச் சொல்லைச் சுற்றி ஒரு சொற்குடும்பமே இருக்கிறது. ‘ஷாச்சிக்கு’ என்றால் கம்பெனி வளர்க்கும் கால்நடை. சம்பளக்காரர்கள் தங்களைத் தாங்களே இப்படிக் கேலி செய்துகொள்வார்கள். நம் ஊரில் ‘செக்குமாடு’ என்பது போல. ‘சாபிசு ஸாங்யோ’ என்றால் ஓவர்டைமைச் சேவையாகச் செய்வது, அதாவது காசில்லாமல். ‘யாரிகாய் சக்ஷு’ இன்னும் நுட்பமானது. சமூகவியலாளர் ஹோண்டா யுகி 2000களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். ‘இந்த வேலையில் உனக்கு ஒரு மனநிறைவு இருக்கிறதல்லவா, அப்புறம் எதற்குச் சம்பள உயர்வு?’ என்று கேட்டு நடத்தும் சுரண்டல் அது.

வேலை விளம்பரத்தில் ‘வீடு போன்ற சூழல்’ என்று போட்டிருந்தால் ஜப்பானிய இளைஞர்கள் அலறி ஓடுவது இணையத்தில் பழைய நகைச்சுவை. ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று சொன்ன ஒரு மேலாளரிடம் நானும் வேலை பார்த்திருக்கிறேன். பொங்கலுக்கு நான் என் குடும்பத்தைப் பார்க்க விடுப்புக் கேட்டபோது அந்தக் குடும்பம் தரவில்லை.

கின்ஜியை ‘நீட்’ என்கிறார்களே, அவன் டாக்டருக்குப் படித்தவனா?

இந்தக் கேள்வியைத் தமிழர்கள் மட்டும்தான் கேட்பார்கள். மருத்துவ நுழைவுத்தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படிப்பு, வேலை, தொழிற்பயிற்சி எதிலும் இல்லாத இளைஞர்களைக் குறிக்க பிரிட்டனில் அரசு ஆவணங்களில் பிறந்த சுருக்கம் இந்த ‘நீட்’. ஜப்பானுக்கு 2004 வாக்கில் போய் அங்கே வசைச்சொல் ஆகிவிட்டது. நம் ‘தண்டச்சோறு’தான். கின்ஜி மட்டும் அதைப் பட்டம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிகிறான். அப்பா காசில் உட்காரவில்லை, சொந்தக் காசில் உட்கார்ந்திருக்கிறான் என்ற திமிர்.

கம்பெனி அவ்வளவு மோசம் என்றால் ஓடிவிட வேண்டியதுதானே?

கடன். அதுதான் சங்கிலி. வெட்டுகிற தாதுக்குக் கிடைக்கும் கூலி கடனுக்குப் போகும், வயிற்றுக்குப் போகும், மறுநாள் மறுபடியும் கடப்பாரை. கொத்தடிமை முறையைப் பற்றித் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து, கணக்கு நோட்டைத் தன் கையில் வைத்துக்கொள்பவன் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்.

ஆனால் இது ஆசிரியர் வேறு உலகத்துக்காகக் கற்பனை செய்த ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். ஜப்பானிலேயே இருந்ததுதான். மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) நிலக்கரிச் சுரங்கங்களில் ‘நாயா’ என்ற கொட்டகை முறை இருந்தது. ஆள்பிடிக்கும் மேஸ்திரிதான் தங்க இடம் கொடுப்பான், சோறு போடுவான், கூலியையும் தானே வாங்கிக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவான். மிச்சம் இருந்தால்.

வடக்கே ஹொக்கைடோவில் இதைவிடக் கொடூரமான ‘தாகோபெயா’ இருந்தது. சொல்லுக்கு ‘ஆக்டோபஸ் அறை’ என்று பொருள். மீனவர்கள் கடலில் இறக்கும் பானைக்குள் புகுந்த ஆக்டோபஸ் வெளியே வராது, அதனால் அந்தப் பெயர் என்பார்கள். பசித்தால் தன் காலையே தின்னும் என்பதால் வந்த பெயர் என்றும் சொல்வதுண்டு. முன்பணத்துக்கு ஆசைப்பட்டோ ஏமாந்தோ வந்தவர்களை அடைத்து வைத்து ரயில்பாதையும் சாலையும் போட வைத்தார்கள். 1914இல் முடிந்த ஜோமோன் சுரங்கப்பாதை அப்படிக் கட்டப்பட்டதுதான். 1968 நிலநடுக்கத்தில் அதன் சுவர் பழுதாகி, 1970இல் சரிசெய்யப் பிரித்தபோது செங்கலுக்குப் பின்னால் மனித எலும்புகள் கிடைத்தன. அதுவரை ஊரில் பேய்க்கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையாகிப் போனது.

1947இல் வந்த தொழிலாளர் நியமச் சட்டம் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது. அதன் 5ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 16ஆம் பிரிவு, ‘வேலையை விட்டால் இவ்வளவு அபராதம்’ என்று ஒப்பந்தம் போடக்கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு, உழைத்துத் தீர்க்கும் நிபந்தனையில் கொடுத்த முன்பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்கிறது. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு முதல் எபிசோடைப் பாருங்கள். ரைசாஹா ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. டோக்கியோவில் என்றால் கின்ஜி தொழிலாளர் ஆய்வாளர் அலுவலகத்துக்கு நடந்தே போயிருக்கலாம். அசுரர்களும் டிராகன்களும் இருக்கும் அந்த உலகத்தில், ஆய்வாளர் மட்டும் இல்லை.

கின்ஜி நல்லவனா?

இல்லை. இந்தத் தொடரின் உயிரே அதுதான்.

அடிமைப்பட்டவர்களைத் திரட்டிக் கலகம் செய்யும் நாயகனை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள். கின்ஜிக்கு ஏணி இருப்பதில் கோபமே கிடையாது. தன்னைக் கீழ்ப்படியில் நிறுத்திவிட்டார்களே என்பதுதான் கோபம். கொஞ்சம் மேலே ஏறியதும் அவன் செய்யும் முதல் காரியம், தனக்குக் கீழே ஆள் சேர்ப்பது. உரை நிகழ்த்துவான். கண்ணீர் விடுவான். கனவு விற்பான். ‘உங்களால் முடியும்’ என்று சொல்லிக்கொண்டே இரண்டு ஷிப்ட் வேலை வாங்குவான். சுய முன்னேற்றக் கூட்டங்களில் மைக் பிடிப்பவர்களின் முகவெட்டு அப்படியே அவனிடம் இருக்கிறது. அவன் பேசும் காட்சிகளில் முகம் கோணும் விதத்தை வரைந்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

சில சமயம் நமக்கே அவன்மேல் பரிவு வந்து தொலைக்கும். அப்போது பார்த்து யாரையாவது ஏமாற்றுவான். உடனே கதை அவனைத் தூக்கி மறுபடியும் குழிக்குள் போடும். ‘நன்றாக வேண்டும்’ என்று நாமும் சிரிப்போம். இந்த ஆட்டத்தில் கதை ஒருமுறைகூட அவன் பக்கம் சாய்ந்துவிடவில்லை என்பது என் கணிப்பு. அதே சமயம் கம்பெனி பக்கமும் சாயவில்லை. சுரண்டல் கெட்டது என்று யாரும் மேடை போட்டுப் பேசுவதில்லை. சுரண்டப்பட்டவன் கையில் கொஞ்சம் அதிகாரம் வந்தால் எப்படி அச்சு அசல் முதலாளி மாதிரியே நடந்துகொள்கிறான் என்று காட்டிக்கொண்டே போகிறார்கள். நம் அலுவலகங்களிலும், நேற்றுவரை நம்மோடு டீக்கடையில் மேலாளரைத் திட்டியவர் டீம் லீட் ஆன மறுநாள் என்ன ஆகிறார் என்று பார்த்திருக்கிறோம்தானே.

மற்றவர்கள் யார் யார்?

வானிபே என்ற பல்லி மனிதன் கின்ஜியின் சக தொழிலாளி. பாவப்பட்டவன், நல்ல மனசு, ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரியாது. இப்படி ஒருவர் இல்லாத அலுவலகம் உலகத்தில் இல்லை. கின்ஜியின் ஒவ்வொரு திட்டத்திலும் அடி வாங்குவது இவன்தான்.

ரிம் பார்ப்பதற்குச் சின்னப் பெண், உள்ளே இருப்பது மகா பலசாலியான ஒரு ஜீவன். எப்போதும் பசி. அவளுடைய பலத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கின்ஜி கணக்குப் போடுகிறான், அவளுக்குச் சோறு போட்டே அந்தக் கணக்கு கரைகிறது. குரல் கொடுத்திருப்பவர் குனோ மிசாகி. அந்தக் கீச்சுக் குரலில் அவள் சாப்பாடு கேட்கும்போது பயமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

ஷியா கம்பெனியின் நட்சத்திர ஊழியர் ரகம். மிடுக்கு, பெருமை, பிறகு கின்ஜியோடு சேர்ந்ததால் வரும் சீரழிவு. மேலிடத்தில் பெல்ஸா என்று ஒரு நிர்வாகி. ராங்காவைப் பற்றி அடுத்த கேள்வியில்.

அந்த எறும்பு விஷயம் என்ன? (கதை உடையும்)

சுரங்கத்தில் ராட்சத எறும்புகள் உண்டு. மனிதனுக்குக் கூலி கொடுக்க வேண்டும், எறும்புக்கு வேண்டாம். கின்ஜியின் மூளை எங்கே போகும் என்று சொல்லவா வேண்டும்? எறும்புகளை வேலைக்கு வைத்துவிடுகிறான்.

பிறகு கதை காலத்தைத் தாண்டி எதிர்காலத்துக்குப் போகிறது. அங்கே எறும்புகளின் வாரிசுகள் மேலே, மனிதர்கள் கீழே. கின்ஜி கற்றுக்கொடுத்த பாடத்தை அவை நன்றாகவே படித்திருக்கின்றன. ராங்கா வருவது அந்த எறும்புக் கூட்டத்திலிருந்துதான். எனக்குத் தொடரிலேயே பிடித்த பகுதி இது. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்று எறும்பைச் சுறுசுறுப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தச் சுறுசுறுப்பை யாராவது நிர்வாகம் செய்ய ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை.

மற்ற இசெகாய் கதைகள் மாதிரிதானே இதுவும்?

வாசல் ஒன்றுதான், உள்ளே வேறு. ‘இசெகாய்’ என்றால் வேறு உலகம். வழக்கமான பாதை எல்லோருக்கும் தெரியும்: நாயகனை லாரி அடிக்கும், கண் விழித்தால் மாயலோகம், கையில் யாருக்கும் இல்லாத சக்தி. லாரி அடிக்காவிட்டால் வேலைப்பளுவில் செத்திருப்பான். களைத்துப்போன சம்பளக்காரர்கள் கடைசி ரயிலில் படித்துக்கொண்டே வீடு திரும்பும் கதைகள் அவை. அடுத்த பிறவியிலாவது ஓய்வு கிடைக்கட்டும் என்ற ஏக்கம் அவற்றில் உண்டு.

இங்கே அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நாயகன் ஓய்வில் இருந்தவன், வேறு உலகத்துக்குப் போய்த்தான் செக்குமாடு ஆகிறான். இன்னொன்று, இது இணைய நாவலிலிருந்து வந்ததல்ல. யசுமுரா யோஹேய் நேரடியாக மங்காவாகவே எழுதி வரைந்தது. அதனால்தான் நகைச்சுவை வசனத்தைவிட முகத்தில் அதிகம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மனிதர்கள் வேலை பார்த்தே சாகிற நாட்டில் இதை வைத்துச் சிரிக்கலாமா?

நியாயமான கேள்வி. அளவுக்கு மீறிய வேலையால் வரும் மரணத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘கரோஷி’ என்றே தனிச்சொல் இருக்கிறது. பத்திரிகை அனுப்பும் பிரிவில் வேலை பார்த்த 29 வயது இளைஞர் பக்கவாதத்தால் 1969இல் இறந்ததைத்தான் முதல் நிகழ்வாகச் சொல்கிறார்கள். அதைத் தடுப்பதற்கென்று ஒரு சட்டம் 2014இல் வந்தது. மாதம் 100 மணி நேர ஓவர்டைம், அல்லது 2 முதல் 6 மாதங்களுக்குச் சராசரியாக மாதம் 80 மணி நேரம். இதைத் தாண்டினால் மரணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு வலுவாக இருப்பதாகக் கொள்ளும் அளவுகோலுக்கு ‘கரோஷிக் கோடு’ என்று பெயர்.

இந்தத் தொடர் சாவை வைத்துச் சிரிப்பு மூட்டவில்லை. கேலி எல்லாம் பேச்சின்மேல்தான். ஊக்கமூட்டும் முழக்கம், குடும்பம் என்ற வேஷம், ‘உனக்காகத்தான் சொல்கிறேன்’ என்ற குரல். இரவு ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு இதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அது தேவைப்பட்டது. உங்களுக்கு அது இன்னும் ஆறாத புண் என்றால், தள்ளிப்போடுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போதும் ஜப்பானில் நிலைமை அப்படியேதான் இருக்கிறதா?

கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நிர்வாகமும் தொழிலாளர் தரப்பும் ஒரு சிறப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் ஓவர்டைமுக்கு நடைமுறையில் உச்சவரம்பே இல்லை. 2018இல் சட்டத்தைத் திருத்தி, 2019 ஏப்ரலிலிருந்து பெரிய கம்பெனிகளுக்கும், அடுத்த ஆண்டு சிறியவற்றுக்கும் வரம்பு போட்டார்கள். மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி. தவிர்க்க முடியாத நெருக்கடி என்றால் ஆண்டுக்கு 720 வரை, அதிலும் எந்த மாதமும் 100ஐத் தொடக்கூடாது. லாரி ஓட்டுநர், கட்டடத் தொழில், மருத்துவர் போன்ற சில துறையினருக்கு 2024 ஏப்ரல் வரை அவகாசம் கொடுத்தார்கள். ஓட்டுநருக்கு இப்போதும் ஆண்டுக்கு 960 மணி வரை போகலாம்.

இதைவிடச் சுவாரசியமான மாற்றம், ‘தாய்ஷொகு தைகோ’. நமக்குப் பதிலாக நம் மேலாளருக்கு போன் செய்து, ‘இவர் நாளையிலிருந்து வர மாட்டார்’ என்று சொல்லிவிடும் வாடகைச் சேவை. இத்தனைக்கும் காலவரையறை இல்லாத வேலை என்றால் இரண்டு வாரம் முன்னால் சொல்லிவிட்டு விலகலாம் என்று குடிமைச் சட்டமே சொல்கிறது. உரிமை இருக்கிறது, அதை வாய் திறந்து சொல்லத்தான் காசு கொடுத்து ஆள் வைக்கிறார்கள். வானிபேவுக்கு இந்த நம்பரைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். அடிதடியும் கொச்சைப் பேச்சும் உண்டு, சில இடங்களில் பெண்களைக் காட்டும் விதம் மலிவு. அது எனக்கும் பிடிக்கவில்லை. தவிர, நகைச்சுவையில் பாதி புரிய ஒரு தடவையாவது சம்பளச் சீட்டில் பிடித்தம் பார்த்திருக்க வேண்டும்.

எந்தக் குரலில் பார்ப்பது?

நான் ஜப்பானியக் குரலில், ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தேன். கின்ஜியாக கொனிஷி கட்சுயுகி கத்துவதைக் கேட்காமல் விடக்கூடாது. கம்பீரமான குரல், அதை வைத்துக்கொண்டு கெஞ்சுகிறார், ஊளையிடுகிறார், அடுத்த நொடி தொழிலதிபராகிவிடுகிறார்.

எத்தனை எபிசோட்? கதை முடிகிறதா?

2021 ஜூலை 9இல் தொடங்கி செப்டம்பர் 24இல் முடிந்த 12 எபிசோடுகள். சில்வர் லிங்க் ஸ்டூடியோ தயாரிப்பு, இயக்கம் மினாத்தோ மிராய். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். ஆனால் கதை முழுதாக முடிவதில்லை, மிச்சத்தைத் தெரிந்துகொள்ள மங்காவுக்குத்தான் போக வேண்டும். முதல் எபிசோடின் முதல் பத்து நிமிடத்தில் கின்ஜியின் பீற்றல் எரிச்சலூட்டும், அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். ஒரே மூச்சில் மூன்று எபிசோட் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். முக்கியமாக, மறுநாள் காலை ஷிப்ட் இருக்கிற ராத்திரியில் மட்டும் ஆரம்பிக்க வேண்டாம்.